கொத்தனார் கழுத்தில் இரண்டு தங்கம்!

1998, பிப்ரவரி 13. வெள்ளிக்கிழமை. மேற்கத்திய நாடுகளில் பலர் ராசியில்லை என்று ஒதுக்கும் தேதி.

ஜப்பானின் ஹகுபா மலையில் நாகானோ குளிர்கால ஒலிம்பிக். பனிச்சறுக்குப் போட்டிகளிலேயே மிக வேகமானதும் மிக ஆபத்தானதுமான 'டவுன்ஹில்' பந்தயம். பனியாலும் காற்றாலும் பல நாள் தள்ளிப்போன பந்தயம் அன்றுதான் நடந்தது. 'தங்கம் இவருக்குத்தான்' என்று எல்லோரும் எதிர்பார்த்த ஆஸ்திரிய வீரர் ஹெர்மன் மையர் உச்சியிலிருந்து பாய்ந்தார்.

சில விநாடிகள்தான் ஆகியிருக்கும். ஒரு வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தார். தரை கீழே போய்விட்டது. உடம்பு காற்றில் கிடந்தது, வானத்தில் யாரோ படுக்க வைத்ததுபோல. தலைகீழாக இறங்கிப் பனியில் மோதினார். ஒரு பாதுகாப்பு வலையைப் பிய்த்துக்கொண்டு உருண்டார். அடுத்த வலையும் அவரைத் தாங்கவில்லை. பந்தயப் பாதைக்கு வெளியே ஆழமான பனிக்குள் போய் விழுந்தார்.

பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றது. 'கதை முடிந்தது' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அவர் எழுந்தார். பனியைத் தட்டிவிட்டார். கையை அசைத்துக் காட்டினார்.

மூன்று நாள் கழித்து அதே மனிதர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதற்கு மூன்று நாள் கழித்து இன்னொரு தங்கம்!

உலகமே அன்றுதான் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த வாழ்க்கையில் இது முதல் வீழ்ச்சியும் அல்ல, கடைசி வீழ்ச்சியும் அல்ல. முதல் வீழ்ச்சி 15 வயதில் வந்தது, அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில்.

'உனக்கு இது சரிப்படாது!'

ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு என்பது நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. குழந்தை நடக்கப் பழகியதும் காலில் ஸ்கீ பலகையைக் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பார்கள். வென்றவர் தேசத்தின் செல்லப்பிள்ளை. தோற்றவரைப் பற்றி ஊர் டீக்கடையில், மன்னிக்கவும், காபிக்கடையில் அலசி ஆராய்வார்கள்.

அந்த நாட்டின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் ஃப்ளாகாவ் என்று ஒரு மலைக் கிராமம். 1972 டிசம்பர் 7 அன்று பிறந்த ஹெர்மன் மையர் வளர்ந்தது அங்கேதான். அவன் பெற்றோர் ஊரிலேயே ஒரு ஸ்கீ பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். மகனுக்கு அது போதாதா? நினைவு தெரிந்த நாள் முதல் பனியில்தான் கிடந்தான்.

15 வயதில் ஷ்லாட்மிங் என்ற ஊரில் உள்ள புகழ்பெற்ற ஸ்கீ பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. நாளைய ஒலிம்பிக் வீரர்கள் உருவாகும் இடம். ஆனால் ஹெர்மனின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மற்றப் பையன்கள் தோளுக்கு மேல் வளர, அவன் மட்டும் குட்டையாக, ஒல்லியாக இருந்தான். வளரும் வயதில் வரும் முட்டி வலி வேறு படுத்தி எடுத்தது.

மலையிலிருந்து இறங்கும் விளையாட்டில் உடல் எடைக்கும் தொடை பலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் வீரரின் எடையைப்போல் சில மடங்கு பாரம் கால்களில் இறங்கும். பலவீனமான முட்டியோடு அதைத் தாங்க முடியாது. 'உனக்கு இது சரிப்படாது' என்று முடிவானது. பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

15, 16 வயதில் ஊரெல்லாம் கொண்டாடும் கனவை விட்டுவிட்டு, அதே ஊருக்குத் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

கோடையில் கொத்தனார், குளிரில் வாத்தியார்

ஊர் திரும்பிய ஹெர்மன் கட்டட வேலைக்குப் போனான். முறைப்படி கொத்தனார் தொழில் கற்றான். கோடைக்காலம் முழுக்கச் செங்கல், சிமென்ட், கலவை. பனிக்காலம் வந்தால் அப்பாவின் பள்ளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கீ கற்றுக்கொடுக்கும் வாத்தியார். முதல் முறை பலகையைக் கட்டிக்கொண்டு தடுமாறுகிறவர்களைத் தூக்கி நிறுத்துவதுதான் வேலை.

இப்படியே ஏழெட்டு வருடம் ஓடியது.

இந்த ஆண்டுகளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, தாமதமாக வந்தாலும் வளர்ச்சி வந்தது. கல்லும் கலவையும் சுமந்த தோள் அகன்றது, தொடை இறுகியது. ஷ்லாட்மிங்கில் பார்த்த ஒல்லிப் பையன் காணாமல் போனான். இரண்டு, அவர் பந்தயத்தை விடவில்லை. உள்ளூர்ப் போட்டி, மாநிலப் போட்டி என்று கிடைத்ததில் எல்லாம் கலந்துகொண்டார், வென்றார். ஆனால் தேசிய அணியின் கண்ணில் படவில்லை. பெரிய பள்ளிகளில் படித்து, படிப்படியாக ஏறி வருகிறவர்களைத்தான் அணி கவனிக்கும். ஊர்க் கொத்தனாரை யார் பார்ப்பார்கள்?

1994 லில்லஹாமர் ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு வயது 21. உலகின் தலைசிறந்த வீரர்களில் பலர் அந்த வயதுக்குள் பதக்கம் பார்த்திருந்தார்கள். ஹெர்மனிடம் இருந்தது கரணையும் மட்டப்பலகையும்.

முன்னால் ஓடிய ஆள்

1996 ஜனவரி 6. உலகக் கோப்பை 'ஜெயன்ட் ஸ்லாலம்' பந்தயம் அவர் ஊரான ஃப்ளாகாவுக்கே வந்தது.

ஸ்கீ பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி தொடங்குவதற்கு முன் சில பேரை அந்தப் பாதையில் இறக்கிவிடுவார்கள். பனி சரியாக இருக்கிறதா, கம்பங்கள் ஒழுங்காக நிற்கின்றனவா, நேரம் காட்டும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. இவர்கள் போட்டியாளர்கள் அல்ல. இவர்களின் நேரம் பட்டியலில் சேராது. மைதானத்தில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுகிறவர்களைப் போலத்தான். பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களையே இந்த வேலைக்கு அழைப்பார்கள்.

அன்று அப்படி முன்னால் ஓடியவர்களில் 23 வயது ஹெர்மன் மையரும் ஒருவர்.

அவர் இறங்கி முடித்த நேரத்தைப் பார்த்த பயிற்சியாளர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். அன்றைய பந்தயத்தில் கலந்துகொண்டிருந்தால், உலகின் தலைசிறந்த வீரர்களுக்கு நடுவே அவர் 12ம் இடம் பிடித்திருப்பார்!

அதன் பிறகு எல்லாம் மின்னல் வேகம். உலகக் கோப்பைக்கு அடுத்த நிலையில் உள்ள ஐரோப்பியக் கோப்பைத் தொடரில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பருவத்திலேயே அதில் ஒட்டுமொத்த முதலிடம். பிப்ரவரியில் உலகக் கோப்பையிலும் அறிமுகம்.

1997 ஜனவரியில் பிரான்ஸின் ஷமோனியில் டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே, பிப்ரவரி 23 அன்று, ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஹெனில் 'சூப்பர்-ஜி' பந்தயத்தில் முதல் உலகக் கோப்பை வெற்றி. கொத்தனார் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இனி இல்லை.

நான்கு வகை, ஒரே எதிரி

ஆல்பைன் ஸ்கீ பந்தயங்களை முதல் முறை பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மேலிருந்து கீழே வர வேண்டும், அவ்வளவுதானே! ஆனால் முக்கியமாக நான்கு வகைகள் உண்டு.

டவுன்ஹில்: நீண்ட பாதை, குறைந்த திருப்பங்கள். மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டும் வேகம். முன்கூட்டியே பயிற்சி ஓட்டம் உண்டு.

சூப்பர்-ஜி: வேகம் சற்றுக் குறைவு, திருப்பங்கள் அதிகம். பயிற்சி ஓட்டமே கிடையாது. காலையில் பாதையோரமாக மெதுவாக இறங்கி, கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பந்தயத்தில்தான் முதல் முறை அந்தப் பாதையில் முழு வேகத்தில் போவார்கள்.

ஜெயன்ட் ஸ்லாலம்: கம்பங்களுக்கு இடையே அகலமான வளைவுகள். இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டுவார்கள்.

ஸ்லாலம்: மிக நெருக்கமான கம்பங்கள். சட் சட்டென்று திரும்ப வேண்டும். இதுவும் இரண்டு ஓட்டம்.

எல்லா வகைக்கும் எதிரி ஒன்றுதான்: கடிகாரம். அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் கடிகாரம்.

மையரின் பலம் முதல் மூன்று வகைகளில் இருந்தது. அதிலும் சூப்பர்-ஜி அவருக்கென்றே பிறந்தது. பாதையைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றாத நேரான வழி அவருக்குத் தோன்றும். மற்றவர்கள் சுற்றிப் போகும் இடத்தில் அவர் கம்பத்தை உரசிக்கொண்டு வெட்டிப் போவார். பிசகினால் வலைதான். பிசகாவிட்டால் யாராலும் தொட முடியாது.

நாகானோவில் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது அந்த முதல் வகைப் பிசகு.

மூன்று நாள் இடைவெளி

அந்த விபத்தில் அவருக்குத் தோளிலும் முட்டியிலும் அடி. எலும்பு எதுவும் முறியவில்லை. டவுன்ஹில் தங்கத்தைப் பிரான்ஸின் ழான்-லூக் கிரேட்டியே வென்றார்.

அடுத்து சூப்பர்-ஜி. மோசமான வானிலையால் அந்தப் பந்தயம் 16ம் தேதிக்குப் போனது. அடிபட்ட உடம்புக்கு அந்த இடைவெளி வரம்.

உடம்பு தேறலாம். மனசு? அவ்வளவு வேகத்தில் காற்றில் பறந்து விழுந்தவர், மூன்றே நாளில் அதே மலையில், பயிற்சி ஓட்டமே இல்லாத பந்தயத்தில், மறுபடி நேர்வழியில் பாய வேண்டும். கொஞ்சம் தயங்கி, வளைவில் கொஞ்சம் சுற்றிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கமும் கிடைத்திருக்காது.

அவர் தயங்கவில்லை. 0.61 விநாடி வித்தியாசத்தில் தங்கம். அந்தப் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் டிடியே கூஷும் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் க்னவுஸும் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லாமல் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட விளையாட்டில் 0.61 விநாடி என்பது ஒரு யுகம்!

19ம் தேதி, ஷிகா கோகென் மலையில் ஜெயன்ட் ஸ்லாலம். அதிலும் தங்கம். வெள்ளி வென்றவர் சக ஆஸ்திரியர் ஸ்டெஃபான் எபர்ஹார்ட்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்குள் அவர் மறுபடி வருவார்.

மையர் காற்றில் பறக்கும் புகைப்படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டின் 'டெர்மினேட்டர்' படத்தையும் ஹெர்மன் என்ற பெயரையும் சேர்த்து 'ஹெர்மினேட்டர்' என்று பட்டம் சூட்டினார்கள். அழிக்க அழிக்க எழுந்து வருகிறவன் என்று அர்த்தம்.

2,000 புள்ளி

ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒரு முறை. ஆனால் ஸ்கீ வீரர்களின் தினசரிப் பிழைப்பு உலகக் கோப்பைத் தொடரில்தான். இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வரை, மலைக்கு மலை போய்ப் பந்தயம். ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றாம் இடத்துக்கு 60. இப்படியே குறைந்து 30ம் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி. பருவ முடிவில் அதிகப் புள்ளி பெற்றவருக்குப் பெரிய படிக உருண்டை பரிசு.

1998ல் அந்த உருண்டை மையருக்கு. 1999ல் அது நார்வேக்குப் போனாலும், அதே வருடம் அமெரிக்காவின் வெயில் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில், சூப்பர்-ஜி இரண்டிலும் அவருக்குத் தங்கம். சூப்பர்-ஜி தங்கத்தை நார்வேயின் லாஸ்ஸெ ஷுஸுடன் பகிர்ந்துகொண்டார். இருவருக்கும் ஒரே நேரம். மூன்றாவதாக வந்த ஹான்ஸ் க்னவுஸ் தங்கத்தைத் தவறவிட்டது 0.01 விநாடியில்!

2000ம் ஆண்டுப் பருவத்தில் அவர் சேர்த்த புள்ளிகள் சரியாக 2,000. இருபது பந்தயங்களில் முதலிடம் பிடித்தால் கிடைக்கும் புள்ளிக்குச் சமம். ஆண்கள் பிரிவில் யாரும் தொடாத அந்த உயரத்தை, 23 வருடம் கழித்து 2023ல்தான் சுவிட்சர்லாந்தின் மார்க்கோ ஓடர்மாட் 2,042 புள்ளிகளுடன் தாண்டினார்.

அடுத்த பருவத்தில் 13 பந்தய வெற்றிகள். ஸ்வீடனின் ஜாம்பவான் இங்கமார் ஸ்டென்மார்க் 1979ல் வைத்த சாதனைக்குச் சமம். படிக உருண்டை மூன்றாவது முறையாக வீட்டுக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். எத்தனை தங்கம் வெல்வார் என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஆகஸ்ட் 24

2001 ஆகஸ்ட் 24. பனி இல்லாத கோடைக்காலம். பயிற்சி முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் மையர். ராட்ஸ்டாட் என்ற ஊருக்கு அருகே, வீட்டுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஒரு காருடன் மோதினார்.

மலையில் அவ்வளவு வேகத்திலும் முறியாத எலும்பு, சாதாரணச் சாலையில் முறிந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. சால்ஸ்பர்க் மருத்துவமனையில் ஏழு மணி நேர அறுவை சிகிச்சை. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்றுகூட டாக்டர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. எலும்புக்குள் நீளமான டைட்டானியக் கம்பியைச் செருகி ஒன்றுசேர்த்தார்கள்.

கால் பிழைத்தது. ஆனால் ஸ்கீ?

ஒரு விஷயம் தெரிந்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும். பனிச்சறுக்கு வீரர்களின் பூட்ஸ் நம் காலணி மாதிரி வளைந்து கொடுக்காது. கெட்டியான பிளாஸ்டிக்கில் பாதி முழங்கால் வரை ஏறி, காலை இடுக்கிபோலக் கவ்விப் பிடிக்கும். வீரர் பலகையைத் திருப்புவதே முன்காலெலும்பை அந்த பூட்ஸின் நாக்கில் அழுத்தித்தான். திருப்பத்தின் பாரமெல்லாம் அந்த இடத்தில்தான் இறங்கும். மையருக்கு முறிந்ததும் அதே பகுதி!

ஒலிம்பிக்குக்கு ஆறு மாதம்கூட இல்லை. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக நாள்கள் நகர்ந்தன. 2002 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டியில் போட்டி தொடங்கியபோது வீரர்கள் பட்டியலில் மையர் பெயர் இல்லை. அவர் வைத்திருந்த ஜெயன்ட் ஸ்லாலம் தங்கம் கைமாறியது. யாரிடம்? ஸ்டெஃபான் எபர்ஹார்ட்டரிடம்.

எபர்ஹார்ட்டரின் கதையும் சாதாரணமானதல்ல. 1991ல், 21 வயதில், உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தங்கம் வென்றவர். பிறகு காயம் மேல் காயம். வருடக்கணக்கில் காணாமல் போய், போராடித் திரும்பி வந்தால், முன்னால் மையர் என்ற மலை நிற்கிறது! பல பந்தயங்களில் இரண்டாமிடத்தோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது. மையர் இல்லாத 2002, அவர் பாதியில்தான் திரும்பிய 2003 என இரண்டு பருவங்களிலும் படிக உருண்டை எபர்ஹார்ட்டருக்கு. 'மையர் இல்லாததால்தான்' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மையர் திரும்பி வர வேண்டும்.

31ம் இடம்

மையர் நடக்கப் பழகினார். பிறகு சைக்கிள். ஓபர்டாவர்ன் மலையில் உள்ள பயிற்சி மையத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் அவருக்குப் பழைய நண்பன். சாதனைகள் குவித்த காலத்திலும் மணிக்கணக்கில் அதை மிதித்துத்தான் உடம்பை வளர்த்தார். இப்போது அதே சைக்கிளில், கொஞ்சம் கொஞ்சமாக, காலை மீட்கும் வேலை.

2003 ஜனவரி 14. விபத்து நடந்து ஏறக்குறைய 17 மாதங்கள். சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் ஜெயன்ட் ஸ்லாலம். காலுக்குள் கம்பியோடு மையர் மறுபடி தொடக்க வாயிலில் நின்றார்.

முதல் ஓட்டத்தில் முதல் 30 இடங்களுக்குள் வருகிறவர்கள்தான் இரண்டாவது ஓட்டத்துக்குப் போக முடியும். மையருக்குக் கிடைத்த இடம் 31.

ஒரே ஒரு இடத்தில் வாய்ப்புப் போனது. 2,000 புள்ளி எடுத்தவருக்கு அன்று ஒரு புள்ளிகூட இல்லை. 'இதோடு நிறுத்திக்கொள்ளலாமே' என்று நினைக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. மூன்று உலகக் கோப்பை, இரண்டு ஒலிம்பிக் தங்கம், போதாத புகழா?

13 நாள் கழித்து, ஜனவரி 27. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல். அந்த நாட்டில் ஸ்கீ ரசிகர்களுக்கு அது கோயில் திருவிழா மாதிரி. கூட்டம் கடல்போலத் திரளும். அங்கே சூப்பர்-ஜி பந்தயம்.

மையர் இறங்கினார். கடிகாரம் நின்றது. முதலிடம்!

அடெல்போடனில் 31. கிட்ஸ்பியூலில் 1. நடுவே இரண்டு வாரம்கூட இல்லை. அடுத்த மாதம் சென் மோரிட்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சூப்பர்-ஜி வெள்ளிப் பதக்கம், அமெரிக்காவின் போடி மில்லரோடு சமமாக. தங்கம் எபர்ஹார்ட்டருக்கு. மையர் களத்தில் இருக்கும்போதே வென்ற தங்கம்! முணுமுணுத்தவர்களுக்கு அதுதான் பதில்.

நேருக்கு நேர்

2003 ஜூலையில் பாரிஸில் ஒரு சுவாரசியம் நடந்தது. உலகப் புகழ் பெற்ற 'டூர் தெ பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தின் தொடக்க நாள் நேர ஓட்டத்தில், வீரர்களுக்கு முன்னால் சைக்கிளில் போய்ப் பாதையைத் திறந்துவைக்க மையரை அழைத்திருந்தார்கள். 1996ல் ஃப்ளாகாவில் செய்த அதே வேலை! அன்று அவரை யாருக்கும் தெரியாது. இப்போது பாரிஸ் தெருவே திரும்பிப் பார்த்தது. உடைந்து ஒட்டிய காலால்தான் மிதித்தார்.

அடுத்த பருவத்தில்தான் இரு ஆஸ்திரியர்களும் முழுப் பலத்தோடு நேருக்கு நேர் மோதினார்கள். 2004 மார்ச்சில் கணக்கு முடிந்தபோது மையருக்கு 1,265 புள்ளி, எபர்ஹார்ட்டருக்கு 1,223. வித்தியாசம் வெறும் 42. இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே இருப்பதைப்போல இரண்டு மடங்குகூட ஆக கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

காலை இழக்கவிருந்தவர் மறுபடி உலகக் கோப்பை சாம்பியன். அந்த வருடம் 'மீண்டு வந்த வீரர்' என்ற லாரியஸ் உலக விளையாட்டு விருதும் அவருக்கே கிடைத்தது. எபர்ஹார்ட்டர் அந்த 2004ம் ஆண்டிலேயே, உச்சத்தில் இருக்கும்போதே, ஓய்வு பெற்றார்.

கடைசிச் சரிவுகள்

2005ல் இத்தாலியின் போர்மியோவில் ஜெயன்ட் ஸ்லாலம் உலக சாம்பியன் பட்டம். 2006ல் எட்டு வருடம் கழித்து மறுபடி ஒலிம்பிக், டூரின் நகரில். சூப்பர்-ஜி பந்தயம் காலையில் பனிப்பொழிவால் பாதியில் நின்று, பிற்பகலில் முதலிலிருந்து நடந்தது. நார்வேயின் அனுபவசாலி ஷெட்டில் ஆந்த்ரே ஓமொட் 0.13 விநாடியில் மையரை முந்தினார். மையருக்கு வெள்ளி. ஜெயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலம். 33 வயது, கம்பி வைத்து ஒட்டிய கால். அந்த இரண்டு பதக்கங்களின் எடை, நாகானோ தங்கங்களுக்குக் குறைந்ததல்ல.

அதன் பிறகு வெற்றி வற்றியது. பருவங்கள் கடந்தன. 'இன்னும் ஏன் ஓடுகிறார்?' என்ற கேள்வி எழுந்தது. 2008 நவம்பர் 30 அன்று கனடாவின் லேக் லூயிஸில் சூப்பர்-ஜி. 36வது பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. மையர் வென்றார். அவரது 54வது உலகக் கோப்பை வெற்றி அது. அதுவே கடைசியும்.

54ல் 24 வெற்றிகள் சூப்பர்-ஜியில் வந்தவை. பெரிய படிக உருண்டை நான்கு, பிரிவு வாரியாகக் கிடைத்த சிறிய உருண்டைகள் பத்து.

2009 மார்ச்சில் முட்டியில் அறுவை சிகிச்சை. அக்டோபர் 13 அன்று வியன்னாவில் பத்திரிகையாளர்களை அழைத்து ஓய்வை அறிவித்தார். ஹகுபாவில் விழுந்தபோது எழுந்து கையசைத்தவர், ஏழு மணி நேர அறுவை சிகிச்சையைத் தாண்டியவர், அன்று மைக் முன்னால் பேச முடியாமல் அழுதார்.

ஊருக்குள் ஒரு பெயர்

திறமை என்பது 15 வயதில் தெரிந்துவிட வேண்டும் என்று பல பெற்றோர் நினைக்கிறோம். பள்ளிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. ஷ்லாட்மிங்கில் அன்று எடுத்த முடிவு அநியாயமானது என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வயதில், அந்த உடம்போடு, அந்தப் பையனால் உண்மையிலேயே முடியவில்லை. அன்றைக்கு அது சரியான கணக்கு. அந்தக் கணக்கு ஆயுளுக்கும் செல்லும் என்று அந்தப் பையன் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். செங்கல் அடுக்கிக்கொண்டே காத்திருந்தான். சம்பளமும் புகழும் இல்லாத, பட்டியலில்கூட ஏறாத ஒரு ஓட்டத்துக்கு ஆள் கேட்டபோது, உயிரைக் கொடுத்து ஓடினான்.

ஃப்ளாகாவ் கிராமத்தில் இன்றும் உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கிறது. ஜனவரி மாத இரவில், விளக்கு வெளிச்சத்தில், பெண்களுக்கான ஸ்லாலம் போட்டி. அந்தப் பந்தயச் சரிவுக்கு 'ஹெர்மன் மையர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் அந்தச் சரிவிலும் சில இளம் வீரர்கள் இறங்கி வருவார்கள். பாதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அவர்களின் நேரம் பட்டியலில் சேராது.